மெடிசின் படிக்க "சேவை ஒப்பந்தப் புலமைப்பரிசில்" தருகிறோம் என்று வந்தால், காசு கொடுக்க முன் பொண்ட் (ஒப்பந்தத்) தாளைக் கேளுங்கள்

திருகோணமலை ரவுன், கிண்ணியா, மூதூர் பக்கம் ஏஎல் (உயர்தரப் பரீட்சை) பயோ எடுத்து, மெடிசினுக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) கொஞ்சத்தில் தவறிய பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். ஒரு அறக்கட்டளையின் ஆட்கள் என்று சொல்லிக்கொண்டு சிலர் வீடு தேடி வருகிறார்கள். வெளிநாட்டில் 6 வருடப் படிப்பு, கட்டணம் முழுக்க அவர்கள் பொறுப்பு, திரும்பி வந்து அவர்களுடைய ஆஸ்பத்திரியில் 5 வருடம் வேலை செய்தால் போதும், ஒரு சதமும் திருப்பித் தரத் தேவையில்லை என்பதுதான் பேச்சு. பொலிஸில் முறைப்பாடு இருப்பதால் பெயர் எழுதவில்லை.

என் தங்கச்சிக்கு முதல் தடவையில் கிடைக்கவில்லை. எங்கள் மாவட்டம் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால் அந்த 5 வீத ஒதுக்கீட்டிலாவது வரும் என்று இருந்தோம், அதுவும் போய்விட்டது. மூன்று தடவை எழுதலாம்தானே, அவள் செகண்ட் ஷைக்கு, அதாவது இரண்டாம் தடவைக்கு, ரியூசன் தொடங்கிவிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் அந்த அறக்கட்டளை ஆள் என்று ஒரு ஐயா வந்தார். நல்ல மரியாதையான பேச்சு. "அம்மா, இன்னொரு வருசத்த ஏன் வீணாக்கிறீங்க, இங்க டொக்டர் இல்லாம எங்கட சனம் படுற பாடு உங்களுக்குத் தெரியும்தானே, பிள்ளை படிச்சு வந்து இங்கயே இருக்கட்டும்" என்றார். அம்மா அந்த இடத்தில் கரைந்துவிட்டார். எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாதது இதுதான். மூதூரில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் வீட்டார் என்ன பதற்றப்படுவார்கள் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், அந்தக் கவலையை எடுத்து வியாபாரம் பண்ணுகிறார்கள்.

பதிவுக்கு 85,000 ரூபா, "திருப்பித் தரப்படும் வைப்பு" என்று ரசீதில் எழுதித் தந்தார்கள். பாஸ்போர்ட், ஏஎல் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரிஜினலாக வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தம் எங்கே என்று கேட்டபோதெல்லாம் கொழும்பில் லோயர் பார்க்கிறார் என்ற ஒரே பதில். கடைசியில் அது எங்கள் கைக்கு வந்தது கையொப்பத்துக்கு முதல் நாள் இரவு. முழுக்க ஆங்கிலம். விடிந்தால் நொத்தாரிசு முன்னால் வந்து ஒப்பமிட வேண்டும், இல்லாவிட்டால் சீட் வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்றார்கள். பெரியப்பாவின் மகன் ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்கிறவர், அன்றிரவு அவரும் நானும் தூங்காமல் வரிவரியாக வாசித்தோம்.

அந்த 5 வருடம் எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். இலங்கை மருத்துவ சபையில் முழுப் பதிவு கிடைத்த நாளிலிருந்துதான் கணக்கு. வெளிநாட்டில் படித்து வருகிறவர் முதலில் மருத்துவ சபையின் ஈஆர்பிஎம் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும், பழைய ஆட்கள் இன்னும் அக்ட் 16 என்றுதான் சொல்வார்கள். பிறகு ஒரு வருடம் இன்டேர்ன்ஷிப். அதற்குப் பிறகுதான் முழுப் பதிவு. பரீட்சைக்குக் காத்திருக்கும் காலம், ஒரு முறை தவறினால் அடுத்த முறை வரும்வரைக்கும் போகும் காலம், இன்டேர்ன் நியமனத்துக்குக் காத்திருக்கும் காலம், ஒன்றும் சேவையில் சேராது. ஆனால் அவர்கள் கட்டிய காசுக்கு வட்டி முதல் வருடத்திலிருந்தே ஓடும். அதோடு, அந்த இடைக்காலத்தில் அவர்கள் சொல்லும் இடத்தில் சொல்லும் வேலையை, அவர்கள் தரும் "படிக்கு" (சம்பளம் அல்ல, கொடுப்பனவு), செய்ய வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது.

பல்கலைக்கழகத்தின் பெயர் அந்தத் தாளில் இல்லை. "நிறுவனம் தெரிவு செய்யும் பல்கலைக்கழகம்" என்று மட்டும்தான். மருத்துவ சபை அங்கீகரிக்காத இடத்தில் படித்தால் ஈஆர்பிஎம் எழுதவே விட மாட்டார்கள், அப்போது 6 வருடமும் தண்ணீரில் போனது மாதிரிதான். அந்த நிலையிலும் ஒப்பந்தத்தை முறித்தவள் என்று தங்கச்சியைத்தான் எழுதியிருந்தார்கள், பரீட்சை தவறினாலும் அதே. முறித்தால் செலவழித்ததின் மூன்று மடங்கும் வட்டியும் கட்ட வேண்டும், செலவு எவ்வளவு என்பதை அவர்களுடைய கணக்குப் புத்தகமே தீர்மானிக்கும்.

அப்புறம் பிணை. இரண்டு பிணையாளர், கூடவே பாலையூற்றில் இருக்கும் எங்கள் வீட்டுக் காணி ஈடு. முதலில் கடன்பட்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வரவேண்டும் என்று சொல்ல நம் நாட்டுச் சட்டத்தில் பிணையாளருக்கு ஒரு உரிமை இருக்கிறது, அதைக் கைவிடுவதாக ஒரு வரி நடுவில் இருந்தது. அதில் ஒப்பமிட்டிருந்தால் பிள்ளையைத் தேடாமல் நேரே அப்பாவிடமே வரலாம்.

சேவை ஒப்பந்தம் என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் அரசாங்கமே தேசிய சுகாதார சேவைப் படை என்ற பெயரில் இப்படி ஒரு புலமைப்பரிசில் கொடுக்கிறது. உதவி வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் டொக்டர் இல்லாத ஊரில் ஒரு வருட வேலை, குறைந்தது 2 வருடம். முறித்தால் அங்கேயும் மூன்று மடங்கும் வட்டியும்தான், பட்டத்துக்குப் பிந்திய பயிற்சிக் காலமும் சேவையில் சேராது. கடுமையான நிபந்தனைதான், ஆனால் விண்ணப்பிக்க முன்பே எல்லாம் எழுத்தில் கையில் இருக்கும், பிள்ளை ஆறுதலாக இருந்து யோசித்து முடிவெடுக்கலாம். எங்களுக்குத் தந்தது ஒரு இரவு.

தங்கச்சிதான் முடிவு சொன்னாள். "அண்ணா, அஞ்சு வருசம் வேலை செய்ய எனக்குப் பயமில்ல, எங்க போட்டாலும் போவன். ஆனா எப்ப முடியும் எண்டு எழுதாத தாளில கையொப்பம் வைக்க மாட்டன்." அப்பாவும் சரி என்றார்.

வேண்டாம் என்று சொன்ன பிறகு அந்த மரியாதை எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. வைப்புக் காசு "வேலைகளில் செலவாகிவிட்டது", பாஸ்போர்ட் "கொழும்பில் இருக்கிறது". பொலிஸுக்குப் போன பிறகுதான் பாஸ்போர்ட் வந்தது. காசு வரவில்லை, மத்தியஸ்த சபையில் விண்ணப்பித்திருக்கிறோம். சான்றிதழ்களை அவர்கள் வைத்திருக்கிறார்கள் என்று பயந்து யாரும் ஒப்பமிட வேண்டாம். ஏஎல் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் மறுபடி எடுக்கலாம், பிறப்புச் சான்றிதழைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம், நாங்கள் அப்படித்தான் எடுத்தோம்.

இப்போது உங்களிடம் யாராவது பேசிக்கொண்டிருந்தால், பல்கலைக்கழகத்தின் பெயரை எழுத்தில் வாங்கி மருத்துவ சபையிடமே நேராகக் கேளுங்கள். பொண்டின் முழுப் பிரதியை வாங்கி உங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணியிடம் காட்டுங்கள், வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பிரதி தர மாட்டோம் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். எங்களுக்குத் தந்த தாளின் பிரதி என்னிடம் இருக்கிறது, உங்களுடையதோடு வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் கேளுங்கள், பெயர்களை மறைத்து அனுப்புகிறேன்.