கத்தி அடிக்கப் பழகும் வகுப்புக்கென விற்கப்படும் ‘முழுப் பொதி’: 38,500 ரூபாவுக்கு எனக்குக் கிடைத்தவை

கத்தி அடிக்கப் பழகும் தொடக்க வகுப்புக்கு என்னென்ன கொண்டு செல்ல வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதை ஆறுதலாக எழுத எண்ணியிருந்தேன். ஆனால், பொருட்களை விற்றவர் என் இலக்கத்தைத் தடைசெய்துவிட்டதை இன்று காலை அறிந்த பிறகு, முதலில் இந்த எச்சரிக்கையைத்தான் எழுத முடிகிறது. இணையத்தில் கைத்தொழில் கருவிகள் விற்கும் ஒரு கடையிடம் 38,500 ரூபாவை இழந்திருக்கிறேன். முறைப்பாடு செய்யவிருப்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

வகுப்பு தம்பலகாமம் பக்கம் ஒரு கம்மாலையில் நடக்கிறது. வயலுக்கு மண்வெட்டியும் கத்தியும் அடித்துக் கொடுத்தே வாழ்ந்த முதிய ஆசாரியார் ஒருவர், வார இறுதியில் சிரட்டைக்கரி உலையை மூட்டி நாலைந்து பேருக்குத் தொழிலைப் பழக்குகிறார். அவர் தந்த துண்டுத்தாளில் பருத்தி உடை, தோல் சப்பாத்து, பக்கவாட்டையும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, காதடைப்பான், தோல் முன்கவசம், ஒரு கிலோவுக்கு மேற்படாத சுத்தியல், பழைய லொறியின் ஸ்பிரிங் தகட்டில் ஒரு துண்டு ஆகியவை மட்டுமே இருந்தன. தோல் முன்கவசம் திருகோணமலைக் கடைகளில் அகப்படாததால்தான் இணையத்தில் தேடினேன். அப்போது அகப்பட்டதுதான் வகுப்புக்கென எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் விற்ற இந்த ‘முழுப் பொதி’.

அந்தக் கடைக்காரர் பேசிய விதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. விலையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. மாறாக, நான் வலக்கைக்காரரா, பார்வைக்குக் கண்ணாடி அணிபவரா, உள்ளங்கை எவ்வளவு அகலம், உலை கரியிலா வாயுவிலா எரிகிறது என்றெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு, சுத்தியல் பாரமாக இருந்தால் தொடக்கக்காரரின் மணிக்கட்டு வீங்கிவிடும் என்று அக்கறையோடு எச்சரித்தார். “தம்பி, நீங்கள் உடுத்த உடுப்போடு போனால் போதும், மிச்சமெல்லாம் பெட்டிக்குள் இருக்கும்” என்று அவர் சொன்னபோது, இவர் உலைக்கு முன்னால் நின்று பழகியவர் என்று முழுமையாக நம்பினேன். பொருளைக் கையில் பெற்ற பின் பணம் கொடுக்கும் வசதி கொழும்புக்கு மட்டுமே உண்டு, திருகோணமலைக்கு அனுப்புவதானால் முழுத் தொகையையும் வங்கியில் இட வேண்டும் என்றார். இட்டேன். 38,500 ரூபா.

பெட்டி வகுப்புக்கு முதல்நாள் மாலையில்தான் வந்தது. பார்வைக்கு எல்லாமே அழகாக இருந்தன. மறுநாள் ஆசாரியார் முன்கவசத்தைக் கையில் எடுத்து, விளிம்பில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியால் கொளுத்தினார். அது உருகிச் சொட்டியது. தோல் என்று விற்கப்பட்டது, பிளாஸ்ரிக் பூசிய துணியான றெக்சின். பொறி பட்டால் தோல் கருகும், றெக்சினோ உருகி உடலோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் பாதுகாப்புத் தரக் குறியீடு எதுவும் இல்லை. சுத்தியல் வார்ப்பிரும்பு, அதன் முகம் முதல் அடிகளிலேயே செதில் விட்டது. அந்தச் செதில்தான் கண்ணுக்குப் பாயும் என்று சொல்லி ஆசாரியார் அதை மூலையில் எறிந்தார்.

காய்ந்த இரும்பைப் பிடிக்கவென்று பெட்டியில் வந்த குறடு இவை எல்லாவற்றையும் விட மோசமானது. அது வெள்ளியாகப் பளபளத்ததைப் பார்த்து நான் மகிழ்ந்திருந்தேன், அவரோ அதை உலைக்கருகே கொண்டுவரவே விடவில்லை. அந்தப் பளபளப்பு நாகமுலாம், அதாவது துத்தநாகப் பூச்சு. நாகம் 907 பாகை செல்சியஸில் கொதிக்கும், இரும்பு அடிக்கும் உலையின் சூடு அதைத் தாண்டியது. எழும் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்துக்குப் பின் நடுக்கத்தோடு காய்ச்சல் காயும். உலை வேலைக்கென்றே விற்கப்படும் குறட்டில் இதைப் பூசியவரை என்னவென்று சொல்வது?

‘உயர் காபன் உருக்கு’ என்று ஒட்டுத்தாள் ஒட்டிய பட்டையைச் சாணைச் சக்கரத்தில் வைத்தபோது, காபன் கூடிய உருக்கு காட்டும், கிளைவிட்டு வெடிக்கும் பொறிகளுக்குப் பதிலாக நீண்ட கோடுகளே பறந்தன. அப்போதே ஆசாரியார் தலையை ஆட்டினார். ஆனாலும் என் மனம் ஆறட்டும் என்று அதைக் காய்ச்சி அடித்து, காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கவிட்டு எண்ணெயில் தோய்க்க அனுமதித்தார். பின்பு அரத்தை வைத்து இழுத்தால் மரத்தில் இழுப்பதுபோல் இறங்கியது, பட்டை கடினமாகவே இல்லை. அது காபன் குறைந்த வெறும் மெல்லுருக்கு. ஸ்பிரிங் தகட்டில் ஏறத்தாழ 0.6 வீதக் காபன் இருக்கும். மெல்லுருக்கில் பொதுவாக அதன் பாதிகூட இருக்காது, எப்படித் தோய்த்தாலும் வெட்டுவாய்க்கு வேண்டிய கடினம் அதற்கு வராது. வேலிக்கம்பி கட்டும் பட்டையையா நான் 38,500 ரூபாவுக்குள் அடக்கி வாங்கினேன் என்று நினைக்கும்போது இப்போதும் வயிறு எரிகிறது.

அதன் பின்னர் நடந்தவை இன்னும் கேவலமானவை. முதலில் படங்களைக் கேட்டார்கள், அனுப்பினேன். கூரியர்காரரின் கவனயீனமாக இருக்கலாம் என்றார்கள். கூரியரில் வந்தால் தோல் றெக்சினாக மாறுமா என்று கேட்டதற்கு, பாவித்த பொருளை மீளப்பெறுவது தமது கொள்கை அல்ல என்று பதில் வந்தது. அக்கறையோடு கைகளை விசாரித்த அதே மனிதர், “உங்கட ஆசாரிக்கு உருக்கைப் பற்றி என்ன தெரியும், சூடு காணாமல் தோய்த்திருப்பார்” என்று குரல்பதிவு அனுப்பினார். வாழ்நாள் முழுவதும் உலையருகில் நின்றவரைப் பற்றி! இறுதியாக, அடுத்த கொள்வனவில் 10 வீதக் கழிவு தருவதாகச் சொல்லிவிட்டு என்னைத் தடைசெய்துவிட்டார்கள். 38,500 ரூபாவில் ஒரு சதமும் திரும்பவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கவிருக்கிறேன். வங்கிச் சிட்டையையும் உரையாடல்களையும் குரல்பதிவையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னவற்றை இப்போதைக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். பொதியாக எதையும் வாங்காதீர்கள், பழக்குபவரிடம் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள், குறடும் எண்ணெயும் பெரும்பாலும் அவரிடமே இருக்கும். பொலியெஸ்ரர் சட்டையோடு போகாதீர்கள். சாணைச் சக்கரம் சுழலும்போது கையுறை அணியாதீர்கள். உலையருகில் ஈரக் கையுறையும் ஆகாது. உருக்குக்கு வாகன உதிரிப்பாகப் பழைய இரும்புக் கடைக்குப் போய் ஸ்பிரிங் தகடு கேளுங்கள், வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். வெள்ளியாக மினுங்கும் எதையும் உலையில் வைக்காதீர்கள். பெட்டியைத் திறந்து பார்க்கும் முன் முழுப்பணமும் கேட்பவருக்கு ஒரு ரூபாவும் அனுப்பாதீர்கள்.