குழித்துறை – நாகர்கோவில்: இலவச பஸ்ஸா, சீசன் டிக்கெட்டா?

எனக்கு வீடு குழித்துறை ஸ்டேஷன் பக்கம் விரிகோட்டில், வேலை நாகர்கோவில் கோட்டாறில். ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பதினோரு வருடமாக இந்தப் பாதையில் பஸ், ரயில் இரண்டிலும் போய் வருகிறேன்.

2021 மே மாதம் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்ததும் ரயிலை விட்டேன். கண்டக்டர் கிழித்துத் தரும் அந்த கட்டணமில்லாச் சீட்டை முதல் நாள் பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம். மார்த்தாண்டத்தில் ஏறித் தக்கலையில் இறங்கி, அடுத்த இலவச பஸ் பிடிப்பேன். அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கடை திறக்கும் நேரம் நெருங்கிவிட்டால் வருகிற எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் காசு கொடுத்து ஏறுவேன். நாகர்கோவிலில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கோட்டாறுக்கு ஆட்டோ. ஒரு மாதம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துப் பார்த்தேன். 640 ரூபாய்! இலவசம் என்று நினைத்துப் போன மாதம் அது.

இப்போது ரயிலில் சீசன் டிக்கெட். இந்தத் தூரத்துக்கு இரண்டாம் வகுப்பில் மாதம் 185 ரூபாய். தினமும் பாசஞ்சர் டிக்கெட் எடுத்தால்கூட ஒரு தடவைக்குப் பத்து ரூபாய். 26 நாள் போய் வந்தால் 520 ஆகிவிடும். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை, நாகர்கோவில் ஜங்ஷனில் இறங்கினால் கடைக்கும் நடை. பள்ளியாடி, இரணியல் தாண்டி முக்கால் மணி நேரத்தில் ஜங்ஷன். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வேளிமலையைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

அதற்காக எல்லோரும் ரயிலுக்கு மாறுங்கள் என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தக்கலையில் வேலை. தண்டவாளம் தக்கலைக்குள் போவதில்லை, கிட்டத்து ஸ்டேஷன் இரணியல்தான். அவருக்கு ஒரே பஸ், காசே கிடையாது. அந்தத் திட்டம் அவர் வீட்டுக்கு மாதாமாதம் செய்யும் உதவி பெரியது. ஆனால் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளா பஸ்ஸில் ஏறினால் குறைந்தது பத்து ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குப் போகிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ரயிலில் கவனிக்க வேண்டியது டிக்கெட்டில் என்ன அச்சாகியிருக்கிறது என்பதுதான். ஒரே குழித்துறை, ஒரே நாகர்கோவில். பாசஞ்சருக்குப் பத்து, எக்ஸ்பிரஸுக்கு முப்பது, சூப்பர்ஃபாஸ்ட் என்றால் அதற்கு மேல் பதினைந்து. அப்பா ஒரு தடவை பத்து ரூபாய் டிக்கெட்டோடு முதலில் வந்த எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார். பரிசோதகர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அபராதம் மட்டும் குறைந்தபட்சம் 250 ரூபாய், கட்டணம் தனி என்று சொன்னாராம். சட்டைப் பையில் ஆஸ்பத்திரிக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டிவிட்டு, "மக்களே, டிக்கெட் எடுத்துட்டுத்தானே ஏறுனேன்" என்று என்னிடம் போனில் சொன்னபோது குரல் உடைந்திருந்தது. வயதானவர்களுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லிக் கொடுக்க வேண்டும். மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகையும் 2020 மார்ச்சில் நிறுத்தியதுதான், இன்னும் திரும்பவில்லை. சென்னையில் இருக்கும் தம்பியைப் பார்க்க அப்பா முன்பதிவு செய்யும்போது அது கையை நன்றாகவே கடிக்கிறது.

இன்னொன்று. முன்பதிவில்லாத டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாவகாசமாகப் போகக் கூடாது. 199 கிலோமீட்டருக்குள் என்றால் மூன்று மணி நேரத்துக்குள் வண்டி ஏறிவிட வேண்டும்.

இப்போது அப்பா கவுன்டரில் குனிந்து, எந்த வண்டிக்கு என்று பெயரைச் சொல்லித்தான் காசை நீட்டுகிறார்.