பெரிய எஸ்யூவி செகண்ட் ஹேண்ட்ல வாங்கப் போறவங்க இதப் படிச்சிட்டுப் போங்க

கல்லிடைக்குறிச்சில இருந்து எழுதுதேன். தை மாசம் திருநெல்வேலி பைபாஸ் பக்கம் ஒரு பழைய கார் யாவாரிட்ட 2017 மாடல் மெர்சிடிஸ் ஜிஎல்எஸ் ஒண்ணு 31 லட்சத்துக்கு வாங்கினோம். அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆனதுல இருந்து குலுக்கலே ஆகாது, இந்த வண்டில கம்பிச் சுருளுக்குப் பதிலா நாலு சக்கரத்துக்கும் காத்து நிரப்புன ரப்பர் பை, அதான் ஏர் சஸ்பென்ஷன், பள்ளம் மேடு உள்ள அவ்வளவா தெரியாது, அதுக்காகவே தேடி வாங்கினது. வண்டி கம்பெனி மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல, வித்த ஆளு பண்ணுனதத்தான் சொல்ல வாறேன்.

மூணு தடவ பார்க்கப் போனோம், மூணு தடவையும் போன் பண்ணிட்டுத்தான் போனோம், மூணு தடவையும் வண்டி ஸ்டார்ட்லயே நின்னுச்சு. "வெயிலுல்லா அண்ணாச்சி, நீங்க வாறியன்னு ஏசி போட்டு வச்சிருக்கோம்"ன்னாரு. கண்ணாடிக் கூரை, 360 டிகிரி கேமரா, பட்டன அமுக்குனா மடங்குற மூணாவது வரிசை சீட்டு, ஒவ்வொண்ணா காட்டிக்கிட்டே இருந்தாரு, கீழ குனிஞ்சு பார்க்க நேரமே குடுக்கல.

வீட்டுக்குக் கொண்டாந்த மறுநா காலைல வாசத் தெளிக்கப் போன அம்மா, "ஏல, வண்டி ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கு, வந்து பாரு"ன்னா. முன்னால இடது பக்கம் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ஒரு விரல் நுழையல. ஸ்டார்ட் பண்ணினதும் கர்ர்னு சத்தம் போட்டு மெல்ல எந்திரிச்சு நேரா நின்னுச்சு. அப்பத்தான் அந்த ஏசி உபசாரம் எதுக்குன்னு புரிஞ்சுது, வயிறு எரிஞ்சு போச்சு.

மெக்கானிக் சோப்புத் தண்ணி அடிச்சுக் காட்டுனாரு, ரப்பர் மடிப்புல இருந்து நுரை குமிழ் குமிழா வருது. காத்து ஒழுக ஒழுக, அந்தப் பைக்குக் காத்தடிக்கிற கம்ப்ரசர் ஓயாம ஓடி அதுவும் கருகிப் போயிருக்கு. மீட்டர்ல எச்சரிக்கை வரலயேன்னு கேட்டேன், வண்டி கம்ப்யூட்டர்ல மாட்டுற ஸ்கேனர வச்சு அழிச்சிரலாம், ஓட ஓடத்தான் திரும்ப வரும்னாரு. செலவு 2 லட்சத்து 40 ஆயிரம். வித்தவருட்ட கேட்டா, உள்ளது உள்ளபடின்னு கையெழுத்து போட்டிருக்கியளேங்காரு.

அதனால சொல்லாம கொள்ளாம விடியக்காலம் போய் நில்லுங்க. பானெட்ல கை வைங்க, சூடா இருந்தா திரும்பிட்டு இன்னொரு நா போங்க. நாலு மட்கார்டு இடைவெளியையும் டேப் வச்சு அளங்க. சாவி போட்டதும் ஏர்பேக் லைட்டு எரிஞ்சு அணையணும், எரியவே இல்லன்னா அந்த லைட்டையே கழட்டி விட்டிருக்கலாம், கட்டாயம் ஸ்கேன் பண்ணிப் பாருங்க. டயர்ல டாட்னு இங்கிலீஷ் எழுத்துல ஆரம்பிக்கிற நம்பரோட கடைசி நாலு எண்ணப் பாருங்க, 1417ன்னா 2017ல 14வது வாரம் செஞ்சது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு குடுத்திருக்கேன், குடுத்த காசு 50 லட்சம் வரைக்கும்னா அங்கயே போகலாம், 2 வருஷத்துக்குள்ள போகணும். வண்டி ஷெட்ல நிக்கி. அப்பா டாக்டர்ட்ட இப்பவும் ஆட்டோலதான் போறாவ, ஒவ்வொரு பள்ளத்துக்கும் முட்டியப் பிடிச்சுக்கிட்டு.