செற்றிக்கு ஒட்டுநாடாவா, யன்னலோரத்தில் ஒரு தட்டா?

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டில், மாமி கலியாணம் முடித்த காலத்துத் தேக்குச் செற்றி ஒன்று இருக்கிறது. எங்கள் சாம்பல் பூனை அதில் பாய்ந்து ஏறுவதை நிறுத்துவதற்காக, இருபக்கமும் ஒட்டும் நாடா, யன்னலோரத்தில் உயரமான பலகைத் தட்டு ஆகிய இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்தோம். நான் இப்போது தட்டின் பக்கம்.

தண்ணீர் பீச்சுவதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை; பூனை அஞ்சப் பழகுவது போத்தல் பிடித்திருக்கும் ஆளுக்குத்தான், செற்றிக்கு அல்ல. வாசம் பூனைக்குப் பிடிக்காதென்று சிலர் வைக்கும் தோடம்பழத் தோலும் அப்படித்தான்; காய்ந்ததும் வாசம் போய்விடும், எறும்புதான் மிச்சம். தோலுக்குப் பதிலாகச் சிலர் தெளிக்கும் தோடை, எலுமிச்சை எண்ணெய்களைப் பூனையின் ஈரலால் எளிதில் முறிக்க முடியாது. அவை நஞ்சாகக்கூடியவை என்பதால் வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம்.

ஒட்டுநாடா வேலை செய்யும் என்பதை மறுக்க மாட்டேன். பாதத்தில் பிசுபிசுப்பு ஒட்டுவது பூனைக்குப் பிடிக்காது. முதல் நாளே முன்காலை உதறியபடி இறங்கிப்போய், நெடுநேரம் அதை நக்கிக்கொண்டிருந்தது. விலையும் குறைவு. இடறுவது பராமரிப்பில்தான். கடற்காற்றின் ஈரமும் காலி வீதித் தூசியும் பூனை மயிரும் சேர்ந்து, ஒரு வாரத்திற்குள் நாடாவின் பசையை மழுக்கிவிடுகின்றன. அதன்பின் பூனை அதன்மேலேயே படுத்துக்கொள்ளும். பழையதை உரித்தால் பசை மரத்தில் தங்கிவிடுகிறது. தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுத்தபோது, கைப்பிடியில் ஒரு விரலகலத்திற்குப் பொலிஷும் கூடவே கிளம்பி வந்தது. விருந்தினர் வருமுன் உரிக்க மறந்து, பெரியம்மாவின் சேலைத் தலைப்பு ஒட்டிக்கொண்டதை மாமி இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

தட்டு வேறு விதமாக வேலை செய்கிறது. பூனை செற்றிக்காகச் செற்றியில் ஏறவில்லை. அதன் முதுகில் நின்றால் வெளியே கம்பியில் இருக்கும் காகங்கள் தெரியும் என்பதற்காகவே ஏறியது. ஆகவே அதே யன்னலருகே, ஐந்தடி உயரத்தில் இரண்டடி நீளப் பலகையொன்றையும், ஏறுவதற்கு இடையில் சிறிய படியொன்றையும் தச்சரைக் கொண்டு சுவரில் துளையிட்டு இறுக்கினோம். பலகை ஆடவே கூடாது. ஒருமுறை ஆடினால் பூனை மறுமுறை ஏறத் தயங்கும். மாடி வீடென்றால் யன்னலுக்கு வலை அவசியம். நகம் கீறுவதற்கு, புறக்கோட்டையில் வாங்கிய தும்புக்கயிற்றை மூன்றடிக் கம்பமொன்றில் நெருக்கமாகச் சுற்றி அருகில் நிறுத்தினோம். முதல் சில நாட்கள் பூனை அங்கே எட்டிப் பார்க்கவில்லை. வீதியோரத்தில் பிடுங்கிய குப்பைமேனியின் வேரைப் பலகையில் வைத்தபோதுதான் ஏறி உருண்டது. அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்ற பெயரும் சும்மா வரவில்லை.

செலவு நாடாவைவிடப் பல மடங்கு என்பது உண்மை. ஆனால் அதன்பின் வேலை, பலகையில் விரித்த சாக்கை மாதமொருமுறை தோய்ப்பதும், கயிறு பிய்ந்தால் புதிதாய்ச் சுற்றுவதும் மட்டுமே. செற்றிக்கு ஒரு கீறலும் இல்லை.

இது வளர்ந்த பூனை ஒன்றை வைத்துச் சொல்வது. இரண்டு பூனைகள் ஒரே பலகைக்குப் போட்டியிட்ட அனுபவம் எனக்கில்லை. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளர் சம்மதிக்காவிட்டால், சில வாரங்களுக்கு நாடாதான் கைகொடுக்கும், அதையும் மரத்தில் ஒட்டாமல் ஒரு மட்டையில் ஒட்டிச் செற்றியின்மேல் வைப்பது நல்லது. சாப்பாட்டு மேசை மட்டும் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. மீன் பொரித்த நாளில் எங்கள் பூனை தட்டையும் காகத்தையும் மறந்துவிடுகிறது, ஆகவே சட்டியைக் குசினிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம்.