ஹம்பர்க் துறைமுகப் படகுச் சுற்றுலா: ஒரு மதிப்புரை

கடலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே, எல்பே ஆற்றின் கரையில் இருந்துகொண்டே ஜெர்மனியின் மிகப்பெரிய துறைமுகமாக விளங்கும் ஹம்பர்க்கை அறிய, லாண்டுங்ஸ்புரூக்கன் படகுத்துறையிலிருந்து புறப்படும் சிறிய விசைப்படகே சிறந்த வழி என்று உறுதியாகச் சொல்வேன்.

பயணத்தின் உயிர்ப்பான பகுதி ஷ்பைஷர்ஷ்டாட். 1883-இல் கட்டத் தொடங்கி, 1888-இல் சுங்கவரியற்ற பகுதியாகத் திறக்கப்பட்ட இந்தச் செங்கல் கிடங்குகள் மரத்தூண்கள்மேல் நிற்கின்றன. காப்பி, தேயிலை, நறுமணப் பொருள்கள், கம்பளங்கள் ஆகியவை கால்வாயிலிருந்தே கப்பிகளால் மாடிகளுக்கு ஏற்றப்பட்டன. 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகிய இவ்விடத்தில் இன்று அருங்காட்சியகங்களும் அலுவலகங்களும் இயங்குகின்றன. ஆனால் இதைக் கட்டுவதற்காக ஏறத்தாழ 20,000 பேர் வீடிழந்ததை எங்கள் வழிகாட்டி குறிப்பிடாமல் விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தமளித்தது.

ஆற்றில் கடலின் ஏற்றவற்றம் உண்டு. நீர் மிகத் தாழ்ந்தால் கால்வாய்களுக்குள் படகு செல்ல இயலாது என்பதால், நேரத்தை முன்னரே விசாரித்துக்கொள்வது அவசியம்.

பின்னர் படகு சரக்குப் பெட்டக முனையங்களின் பக்கம் திரும்புகிறது. மலைபோன்ற கப்பல்களின் அடியில் மிதந்தபடி பளுதூக்கிகளை அண்ணாந்து பார்க்கும்போது, பழைய கிடங்குகள் ஏன் பயனிழந்தன என்பது விளக்கமின்றியே புரிந்துவிடுகிறது. பழைய கிடங்கொன்றின்மேல் எழுப்பப்பட்டு 2017-இல் திறக்கப்பட்ட எல்ப்ஃபில்ஹார்மோனி இசையரங்கமும் வழியில் தெரியும்.

விளக்கவுரை பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே இருந்தது. விளக்கம் தேவையில்லாதவர்கள், நகரப் போக்குவரத்துப் பயணச்சீட்டே செல்லுபடியாகும் 62-ஆம் எண் படகில் ஃபிங்கன்வெர்டர் வரை சென்று வரலாம்.