ஒரே நாளில் நவக்கிரக தரிசனம்: முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கும்பகோணம் பக்கம் இனிமேல் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று என் சித்தி சொல்லிவிட்டார். சித்தி குடும்பம் கோயம்புத்தூரில் இருக்கிறது, நான் மன்னார்குடிக்காரன். சொந்த ஊர்ப்பக்கத்தை இப்படிப் பேசினால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் சித்தியின் கோபம் நியாயம். அவர் காசைப் பிடுங்கியது ஊர் இல்லை, "ஒரே நாளில் ஒன்பது கோயில்" என்கிற பேக்கேஜ். அது எப்படி நடக்கிறது என்பதைக் கூடவே இருந்து பார்த்ததால் எழுதுகிறேன்.

விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தது. ஏசி இன்னோவா, காலை டிபன், மதியச் சாப்பாடு, எல்லாக் கோயிலிலும் சிறப்பு தரிசனம், நாலு பேருக்குப் பதினோராயிரம். ஐயாயிரம் ஜிபே செய்தால் இடம் உறுதி. சித்தி போன் செய்தபோது அந்தப் பக்கம் பேசியவன் ரொம்பப் பணிவாக, "என்ன வேண்டுதலாம்மா வர்றீங்க?" என்று கேட்டிருக்கிறான். தங்கச்சிக்குச் செவ்வாய் தோஷம், வரன் தட்டிக்கொண்டே போகிறது, போன வருஷம் நிச்சயம் வரை வந்து நின்றுபோனது என்று சித்தி மொத்தக் கதையையும் கொட்டியிருக்கிறார். இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் இதற்கு வேலை வரும்.

முதலில் ஒரு கணக்கு. டெல்டா கோயில்களில் பெரும்பாலும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். திங்களூர் திருவையாற்றுப் பக்கம், ஆலங்குடி தெற்கே, திருநள்ளாறு கிழக்கே காரைக்காலில். ஒன்பதையும் ஒரு நாளில் பார்க்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகமே 2024 பிப்ரவரியில் கும்பகோணத்திலிருந்து இதற்கென்று பேருந்து விட்டது, அப்போது தலைக்கு 750 ரூபாய். விடியற்காலையில் கிளம்பி, நடை சாத்துவதற்குள் ஆறு கோயில், சாயங்காலம் மூன்று கோயில் என்று போட்டால்தான் அது நடக்கும். காலையில் ஒரு மணி நேரம் போனாலும் மொத்தமும் சரிந்துவிடும். பேக்கேஜ்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்களுக்கு வருமானமே அந்தப் பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும்தான்.

ஐந்து மணிக்கு வரவேண்டிய வண்டி ஏழேகாலுக்கு வந்தது. இன்னோவா இல்லை, பின் சீட்டில் ஸ்பிரிங் குத்துகிற ஒரு பழைய வண்டி. நம்பர் பிளேட் வெள்ளை. "ஓன் போர்டு வண்டியாச்சே அண்ணே?" என்றேன். "நம்ம ஓனர் வண்டிதான் தம்பி, ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்றார் டிரைவர். பிரச்சனை இருக்கிறது. வெள்ளை பிளேட் சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டக் கூடாது, வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். நான் வேண்டாம் என்றேன். சித்தி, "நல்ல காரியத்துக்குப் போறப்ப முதல்லயே தடங்கல் பேசாதடா" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். ஐயாயிரம் ஏற்கெனவே போயிருக்கிறதே.

திங்களூர் நன்றாகவே இருந்தது. கூட்டம் இல்லை, நிதானமாகத் தரிசனம். அப்பூதியடிகள் ஊர் அது. பாம்பு தீண்டிய பிள்ளையை அப்பர் பாடி எழுப்பிய கதையைத் தங்கச்சிக்குச் சொல்லிக்கொண்டே வெளியே வந்தோம். அன்றைக்குச் சித்தி முகத்தில் சிரிப்பு இருந்தது அங்கே மட்டும்தான்.

திரும்பும் வழியில் சுவாமிமலை. "பத்தே நிமிஷம், சிலை செய்யறதைப் பார்த்துட்டுப் போயிடலாம்" என்று ஒரு கடை வாசலில் நிறுத்தினார். உள்ளே யாரும் சிலை செய்யவில்லை. ஏசி ஷோரூம். நாங்கள் நுழையும்போது வாசலில் நின்ற பையன் எங்கள் வண்டி நம்பரை ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டான்.

சித்தப்பா ஒரு நடராஜரைக் கையில் எடுத்தார். பதினாலாயிரம், பஞ்சலோகம், பரம்பரை ஸ்தபதி வார்த்தது என்றார் கடைக்காரர். அலமாரியில் அதே அளவில் இன்னும் ஆறேழு நடராஜர். நான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நடராஜரைச் சுற்றியிருக்கும் திருவாசி வளையத்தில் வலது பக்கத்து மூன்றாவது சுடர் நுனி மழுங்கியிருந்தது. ஒரே சுடர், ஒரே மழுங்கல். சுவாமிமலை வார்ப்பில் முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண் கருவை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒரு கருவுக்கு ஒரு சிலைதான், அப்புறம் கையால் செதுக்கி முடிப்பார்கள். ஏழு நடராஜருக்கும் ஒரே இடத்தில் சுடர் மழுங்கியிருந்தால் அது ஒரே அச்சில் அடித்த பித்தளை.

இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். கடைக்காரர், "தம்பி எந்த ஊரு?" என்றார். மன்னார்குடி என்றதும் பேச்சை மாற்றி, "ஐயாவுக்காக ஆறாயிரத்து ஐநூறு போட்டுக்கறேன்" என்றார். பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதே என்று சித்தப்பா வாங்கிவிட்டார். சிலை வாங்கும் எண்ணம் இருந்தால் அதே ஊரில் பட்டறை வைத்திருக்கும் ஸ்தபதியிடம் போய்ச் சொல்லிச் செய்யுங்கள், இல்லையா, அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்தில் வாங்குங்கள். ரசீதில் உலோகம் என்ன என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதமாட்டேன் என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

காலை டிபன் பேக்கேஜில் சேர்ந்தது என்றார்களே, அதற்கு அழைத்துப்போன ஓட்டலில் பில் எங்களிடம்தான் வந்தது. பித்தளை டபராவில் வைத்தால் எந்தக் காபியும் கும்பகோணம் டிகிரி காபி ஆகிவிடும்போல, ஒன்று அறுபது ரூபாய். அங்கேயும் ஒரு நோட்டு, அங்கேயும் வண்டி நம்பர். கமிஷன் கணக்குக்குத்தான்.

திருநாகேஸ்வரத்தில் "சிறப்பு தரிசனம்" என்பதன் அர்த்தம் புரிந்தது. டிரைவர் போன் செய்ய, வேட்டியும் விபூதியுமாக ஒருவர் வந்தார். கோயில் ஊழியர் இல்லை, குருக்களும் இல்லை. தலைக்கு ஐந்நூறு கேட்டார். பேக்கேஜில் வருமே என்றால், "அது வண்டிக்காரர் கணக்கு சாமி, இது சந்நிதிக் கணக்கு" என்று சிரித்தார். சித்தப்பா இரண்டாயிரத்தை எடுத்துக் கொடுத்தார். அந்த ஆள் எங்களை நாலு அடி நடத்திக்கொண்டுபோய் எல்லோரும் நின்றிருந்த அதே வரிசையில் விட்டுவிட்டு மறைந்துவிட்டார். அர்ச்சனையோ அபிஷேகமோ, எதுவானாலும் கவுன்ட்டரில் சீட்டு வாங்குங்கள். சீட்டு இல்லாமல் கைக்குக் கை போகிற காசுக்குக் கோயில் பொறுப்பில்லை.

வெளியே வரும்போது மணி பன்னிரண்டைத் தொட்டுவிட்டது. ஆலங்குடி? "அது வேற ரூட்டு, கடைசியில பார்த்துக்கலாம்." சூரியனார்கோயிலுக்கும் கஞ்சனூருக்கும் போனபோது இரண்டிலும் நடை சாத்தியிருந்தது. டிரைவர் இறங்கி, பூட்டிய கதவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்: "கோபுர தரிசனம் கோடி புண்ணியம்மா. இதுவே கணக்குல வந்துடும்."

யார் கணக்கில் என்று கேட்க நினைத்தேன். தங்கச்சி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

இரண்டு மணி வாக்கில் வைத்தீஸ்வரன்கோயில். நாலு மணிக்குத்தான் நடை திறக்கும், வெயில் மண்டையைப் பிளக்கிறது. "சும்மா உட்கார்ந்திருக்கறதுக்கு நாடி பார்த்துடுங்களேன், நம்மளுக்குத் தெரிஞ்ச இடம்" என்றார் டிரைவர். அந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அகத்தியர் நாடி போர்டுதான். அதில் ஒரு மாடி வீட்டுக்குக் கூட்டிப்போனார். வாசலில் நோட்டு.

நாடி ஜோதிடத்தை நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த அறையில் நான் கேட்டதை மட்டும் எழுதுகிறேன். தங்கச்சியின் இடது கட்டைவிரல் ரேகையை எடுத்தார்கள் (ஆண் என்றால் வலது). கொஞ்ச நேரத்தில் ஒருவர் சுவடிக்கட்டோடு வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு ஏடாகப் புரட்டி, "ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

"தகப்பனார் பேர் மூணெழுத்தா?"

"இல்லை."

"சாமி பேரா?"

"ஆமா."

"சிவன் பேரா?"

"இல்லை."

"பெருமாள் பேர். மலையோட சம்பந்தம் உண்டா?"

"ஆமா, ஆமா!" என்றார் சித்தி, தங்கச்சியை முந்திக்கொண்டு.

இப்படியே வடிகட்டி வடிகட்டி, இருபது முப்பது கேள்விக்குப் பிறகு ஏட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ராகம் போட்டு, "தந்தை நாமம் வேங்கடேசன்" என்று படித்தார். சித்தி கண்ணில் தண்ணீர். நாம் சொன்ன ஆமாவையும் இல்லையையும் கூட்டினால் வருகிற விடை அது, அவ்வளவுதான். ஆனால் அடுத்து வந்ததுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. செவ்வாய் தோஷம், கூடி வந்து கலைந்த சம்பந்தம், இரண்டையும் எங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அப்படியே படித்தார். இதெல்லாம் யாருக்குத் தெரியும்? "என்ன வேண்டுதலாம்மா வர்றீங்க?" என்று போனில் கேட்டவனுக்குத் தெரியும்.

முதல் காண்டம் ஐந்நூறு ரூபாய்தான். அதற்கு யாரும் சண்டை போடமாட்டார்கள். வியாபாரம் இருப்பது பதின்மூன்றாவது சாந்தி காண்டத்தில், அதாவது முற்பிறவிப் பாவமும் பரிகாரமும். போன பிறவியில் ஒரு பெண்ணின் கல்யாணத்தைத் தங்கச்சி கெடுத்தாளாம். தீர, ஒன்பது வாரம் விளக்கு, அப்புறம் ஒரு ஹோமம். "நீங்க கோயம்புத்தூர்லருந்து வாரா வாரம் வரமுடியாது, நாங்களே உங்க பேர்ல செஞ்சுடறோம்." பதினெட்டாயிரம். இப்போது பாதி.

நான் குறுக்கே பேசினேன். அவர் என்னைப் பார்க்காமலேயே சித்தியிடம், "கூட வர்றவங்க தடுப்பாங்கன்னும் ஏட்டுல இருக்கும்மா" என்றார். சாமர்த்தியத்துக்கு ஒரு கும்பிடு! ஒன்பதாயிரம் போனது. ரசீது கேட்டேன், ஒரு வெள்ளைத்தாளில் "தட்சிணை" என்று எழுதிக் கொடுத்தார்கள். எண் இல்லை, முத்திரை இல்லை, இடத்தின் பெயர்கூட இல்லை.

நடை திறந்ததும் தையல்நாயகி சந்நிதியில் சித்தி நெடுநேரம் நின்றார். அதன்பின் திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் இரண்டும் ஓட்டம்தான். திருவெண்காட்டில் முக்குளத்தையும் பார்க்காமல் திரும்புவதற்கு எதற்காகப் போகவேண்டும்?

பொறையாறு தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினார். திருநள்ளாறு புதுச்சேரி மாநிலத்தில் வருகிறது, பர்மிட் ஆயிரத்தைந்நூறு தனி, தராவிட்டால் வண்டி எல்லையைத் தாண்டாது என்றார். வாடகை வண்டிக்குப் பர்மிட் உண்டு, உண்மைதான். ஆனால் வெள்ளை பிளேட் சொந்த வண்டிக்கு அந்தப் பர்மிட் கிடையாது, தேவையும் இல்லை. இவர் எந்த வண்டிக்குப் பர்மிட் எடுக்கிறார்? கேட்டேன். "ஆன்லைன்ல போட்டாச்சு தம்பி" என்று போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். காட்டச் சொன்னால் சார்ஜ் இல்லையாம். இருட்டு, ரோட்டோரம், இரண்டு பெண்கள் வண்டியில். சித்தப்பா கொடுத்துவிட்டார். எல்லையில் எங்கேயும் வண்டி நிற்கவே இல்லை.

சனீஸ்வரனைப் பார்த்துவிட்டுக் கும்பகோணம் திரும்பும்போது நள்ளிரவை நெருங்கிவிட்டது. ஆலங்குடி கடைசிவரை வரவே இல்லை. பார்த்தது ஆறு. மீதி மூன்றில் இரண்டு கோபுரம், ஒன்று பெயர்ப்பலகைகூட இல்லை. இறங்கும்போது டிரைவர் பேட்டா கேட்டார்.

போகிறவர்களுக்கு என் யோசனை: இரண்டு நாளாகப் பிரியுங்கள். கும்பகோணத்தில் தங்கி திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் ஐந்தையும் ஒரு நாள். மறுநாள் மயிலாடுதுறையிலிருந்து வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. நடை சாத்தும் நேரத்தை டிரைவர் கையில் கொடுக்காதீர்கள். அறையில் படுத்துத் தூங்குங்கள், இல்லாவிட்டால் தரங்கம்பாடிக்குப் போய் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை ஓரம் கடல்காற்று வாங்குங்கள். வண்டி வந்ததும் முதலில் பிளேட்டைப் பாருங்கள், வெள்ளை என்றால் ஏறாதீர்கள். போனில் யார் கேட்டாலும் வேண்டுதலைச் சொல்லாதீர்கள், "சும்மா சாமி கும்பிட" என்பது போதும்.

சித்தப்பாவை நச்சரித்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிய வைத்தேன். ஜிபே ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வெள்ளை பிளேட்டின் படம் மூன்றும் கையில் இருந்தது உதவியது. சில நாளில் பேக்கேஜ்காரனே கூப்பிட்டு, பார்க்காத கோயில்களுக்கு என்று மூவாயிரம் திருப்பி அனுப்பினான். நாடிக்காரரிடம் கொடுத்த ஒன்பதாயிரத்தைக் கேட்டதற்கு அந்த இடத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்றான். அவனுடைய அந்த போன் எண் இப்போது வேலை செய்வதில்லை. போன வாரம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அதே இன்னோவா படம், அதே வாசகம், வேறு பெயர், வேறு எண்ணோடு வந்திருக்கிறது. இந்த முறை நாலு பேருக்குப் பத்தாயிரத்தைந்நூறு.