பின்சக்கர மோட்டார் வைத்த மலை சைக்கிள்: நெடுநாள் ஓட்டத்தில் தெரிபவை

36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி, பின்சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்பில் 250 வாட் மோட்டார். மணிக்கு 25 கிலோமீட்டரோடு மோட்டார் ஒதுங்கிக்கொள்ளும். பதிவும் லைசென்ஸும் வேண்டாத வகை இது. நாள்பட ஓட்டினால் ஒன்று விளங்கும்: "மோட்டார் போச்சு" என்று கடைக்கு வரும் சைக்கிளில் மோட்டாரே போயிருப்பது அபூர்வம்.

முதலில் மலை. சைக்கிள் 25 கிலோ, ஆள் 75 கிலோ என்றால், அந்த நூறு கிலோவை ஆயிரம் மீட்டர் ஏற்றவே 272 வாட்-மணி வேண்டும். பேட்டரியில் இருப்பதே 360. அதோடு, செங்குத்தில் வேகம் மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டருக்கு இறங்கும்போது மோட்டார் வாங்கும் மின்சாரத்தில் நல்ல பங்கு சூடாகவே போய்விடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் த்ராட்டிலை நம்பி ஏறலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கியரைக் குறைப்பது காலுக்குத்தான் உதவும். மோட்டார் செயின் வழியாகப் போவதில்லை, நேரே சக்கரத்தைச் சுற்றுகிறது. காலும் பாதி உழைத்தால் வேகம் குறையாது, மோட்டாரும் பிழைக்கும். ஹப்பில் கை வைக்க முடியாத சூடு வந்தால் கால் மணி நேரம் நிறுத்துங்கள். உள்ளே இருப்பவை பெரும்பாலும் நைலான் பற்சக்கரங்கள், அதிகச் சூடு தாங்காது.

புதுச் சக்கரத்தில் முதல் 150 கிலோமீட்டருக்குள் ஸ்போக் தளரும். அப்போதே இறுக்கி, பெண்டு எடுத்துவிட்டால் பிறகு கம்பி அறுவது குறையும். ஆக்சில் நட்டை 18 எம்.எம். ஸ்பேனரால் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை முறுக்க வேண்டும். கொக்கி உள்ள வாஷரின் நாக்கு ஃபிரேமின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பஞ்சர் ஒட்டிய பின் இதை வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஆக்சில் சுழன்றால் மோட்டார் வயர் முறுக்கி அறுந்துபோகும், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரும் எரியலாம். சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை வெளியே இழுத்து ஒட்டச் சொல்வதே நல்லது.

திடீரென மோட்டார் ஓடவில்லையா? டிஸ்ப்ளே எரிகிறது என்றால் பிரேக் லிவர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் ஓடினால் பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் அந்த லிவரின் கட்-ஆஃப் சுவிட்ச் சிக்கியிருக்கிறது. சரிசெய்து திரும்ப மாட்டிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். த்ராட்டிலுக்கு ஓடி, பெடலுக்கு ஓடாவிட்டால் பெடல் அருகே உள்ள காந்தத் தட்டைப் பாருங்கள்: சேறு துடைத்து, பெடல் சுற்றுவதை உணரும் சென்சாருக்கும் அதற்கும் இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் வையுங்கள்.

மோட்டார் உதறி உதறிச் சத்தம் போட்டால் பின்சக்கரத்தருகே உள்ள வட்டக் கனெக்டரைச் சந்தேகிக்கலாம். முறுக்காமல் நேராக இழுத்துக் கழற்றுங்கள். பச்சைப் பூப்பு இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து உலர்த்தி, அம்புக்குறிகளை ஒன்றுக்கொன்று நேராக வைத்து அழுத்துங்கள். தீரவில்லை என்றால், மோட்டாரின் சுழற்சி நிலையைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார்தான் அடுத்த சந்தேகம். பவரை ஆன் செய்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைத் தரை (கிரவுண்ட்) வயரில் வைத்து, சென்சாரின் மெல்லிய மஞ்சள், பச்சை, நீல வயர்களைச் சிவப்பு முனையால் சோதியுங்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றும்போது ஒவ்வொன்றும் பூச்சியத்துக்கும் ஏறக்குறைய 5 வோல்ட்டுக்கும் மாறி மாறி வர வேண்டும். முன்னோக்கிச் சுற்றினால் உள்ளிருக்கும் கிளட்ச் விட்டுவிடும், எதுவும் தெரியாது.

மழைக்காலத்துக்கு ஒரு எளிய வேலை: மோட்டார் வயர் ஆக்சிலுக்குள் நுழையுமுன் கீழே தொங்கி மேலேறும்படி கட்டுங்கள். நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பிரஷர் வாஷ் கூடவே கூடாது.

முழு சார்ஜில் பேட்டரி 42 வோல்ட் காட்டும். ஏற்றத்தில் மட்டும் 31க்குக் கீழே விழுந்து அணைந்தால் செல் வரிசை ஒன்று தளர்ந்திருக்கலாம். கரடுமுரடில் குலுங்கும்போது மட்டும் அணைந்தால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள்; அது உட்காரும் தொட்டிலின் தகடுகள் ஆடித் தீப்பொறி பட்டுக் கறுத்திருக்கும். தகடுகளைத் தேய்த்துவிட்டு, பேட்டரிக்கு அடியில் மெல்லிய ரப்பர் துண்டு வைத்தால் ஆட்டம் நிற்கும்.